வீட்டிலேயே மேனிக்யூர்: எதை வாங்குவது, எதைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது

ஃபேன்சி ஸ்டோர்களில் ஜிப் வைத்த சின்னப் பெட்டியாக மேனிக்யூர் செட் தொங்கும். திறந்தால் பத்துப் பன்னிரண்டு சாமான்கள் வரிசையாகப் பளபளக்கும். வீட்டுக்கு அதில் உருப்படியானவை இரண்டே இரண்டு: நகவெட்டி, தோலைத் தள்ளும் புஷர். மீதியில் பாதி எதற்கென்று வாங்கியவருக்கே தெரியாது. இன்னும் இரண்டு மூன்று, தெரியாமல் எடுத்தால் கையைப் பதம் பார்த்துவிடும். அந்தச் செட்டுக்குக் கொடுக்கிற காசில் நகம் தேய்க்க நல்ல ஃபைல் ஒன்றும், கலருக்கு அடியில் பூச பேஸ் கோட் ஒன்றும் வாங்கப் பாருங்கள். கலர் பாட்டில்கள் அப்புறம்.

செட்டில் வரும் இரும்பு ஃபைலை முதலில் ஓரம் கட்டிவிடுங்கள். நகம் ஒரே கட்டியாக இருப்பதில்லை. பிளைவுட் பலகை மாதிரி மெல்லிய கெரட்டின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருக்கும். இரும்பு ஃபைலின் கரடான பற்கள் அந்த அடுக்குகளை ஓரத்தில் பிய்த்துவிடும். நாலைந்து நாளில் நுனி இதழ் இதழாக உரிய ஆரம்பிக்கும். "எனக்கு நகமே நிற்கமாட்டேங்குது, கால்சியம் குறைவு" என்று சொல்பவர்களில் பலர் முதலில் மாற்ற வேண்டியது ஃபைலைத்தான்.

அட்டை ஃபைலின் மேல் 100/180 என்று இரண்டு எண் போட்டிருக்கும். தச்சர்கள் உப்புத்தாள் வாங்கும்போது கேட்கிற நம்பர் மாதிரிதான் இதுவும். எண் ஏற ஏற நைஸ். 80, 100 எல்லாம் ஒட்டுநகம், அக்ரிலிக் நகம் தேய்க்க. சொந்த நகத்துக்கு வடிவம் கொண்டுவர 180, ஓரத்தை வழுவழுப்பாக்க 240. 180/240 என்று இரண்டு பக்கமும் போட்டது கிடைத்தால் அது ஒன்றே போதும்.

கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்க மனமிருந்தால் கண்ணாடி ஃபைல் வாங்குங்கள். சொரசொரப்பு கண்ணாடியிலேயே செதுக்கப்பட்டதா, மேலே பூசப்பட்டதா என்பதுதான் கவனிக்க வேண்டியது. பூசியது சில மாதங்களில் வழித்துக்கொண்டு போய்விடும். செதுக்கியது வருடக்கணக்கில் உழைக்கும், சோப்புப் போட்டுக் கழுவலாம். டைல்ஸ் தரையில் விழுந்தால் அவ்வளவுதான், அதனால் உறையோடு வருவதாகப் பார்த்து வாங்குங்கள்.

நகவெட்டி வாங்கும்போது இரண்டு அலகுகளையும் அழுத்தி மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நடுவில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் வேண்டாம். அது நகத்தை வெட்டாது, நசுக்கித்தான் பிய்க்கும். நகம் வளைவானது. ஒரே கடியில் முழு அகலத்தையும் வெட்டினால் அந்த வளைவு தட்டையாக அமுங்கி நடுவில் கீறல் விடும். ஒரு மூலையில் ஆரம்பித்து மூன்று நான்கு சின்னக் கடிகளாக வெட்டி, வேண்டிய நீளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த ஒரு மில்லிமீட்டர் ஃபைலுக்கு.

ஃபைல் பண்ணும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு, பிறகு மறு ஓரத்திலிருந்து நடுவுக்கு. ரம்பம் அறுப்பதுபோல முன்னும் பின்னும் இழுக்கக் கூடாது. பக்கவாட்டு மூலைகளை உள்ளே குடைந்து தேய்க்காதீர்கள். நகத்தைத் தாங்கி நிற்கிற சுவர்கள் அவைதான். அங்கே மெலிந்தால், பாத்திரம் தேய்க்கும்போது அந்த இடத்தில்தான் முறியும். குளித்த கையோடு ஃபைல் பண்ண வேண்டாம், ஈர நகம் மெத்தென்று இருக்கும், பிசிறு விடும்.

ஊறவைக்கும் கிண்ணம் தேவையில்லை

பார்லரில் வெந்நீரில் விரலை ஊறவைப்பார்கள். இதமாகத்தான் இருக்கும். பாலிஷ் நிற்க வேண்டுமென்றால் இதுதான் முதல் தவறு. நகம் தண்ணீரை உறிஞ்சிக் கொஞ்சம் விரியும். விரிந்த நகத்தின் மேல் பாலிஷ் போட்டால், ஈரம் வற்றி நகம் பழைய அளவுக்குச் சுருங்கும்போது மேலே காய்ந்த படலத்தால் கூடவே சுருங்க முடியாது. நுனியில் விரிசல் விட்டுப் பெயர்ந்து வந்துவிடும். "காலையில் போட்டேன், சாயங்காலமே உதிர்ந்துவிட்டது" என்பதன் பின்னால் பெரும்பாலும் இந்தத் தண்ணீர்தான் இருக்கும். பாத்திரம் தேய்த்து முடித்தோ துணி துவைத்தோ உடனே பாலிஷ் போட உட்காருவதும் இதே கணக்குதான். கை நனைந்தபின் அரை மணி நேரமாவது போகட்டும்.

அப்படியென்றால் அடியோரத் தோலை எதனால் மெதுவாக்குவது? அதற்குத்தான் கியூட்டிகிள் ரிமூவர் என்ற சின்ன பாட்டில். அதில் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு மாதிரியான காரம். நகத்தின் அடியோரத்தில் மட்டும் ஒரு கோடு போட்டு, லேபிளில் சொன்ன நேரம் மட்டும் (பெரும்பாலும் 1 நிமிடம், மிஞ்சினால் 2) வைத்து, புஷரால் தள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். டிவி பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் விட்டால் நல்ல தோலும் வெந்துபோகும். வெட்டுக்காயம் இருக்கிற விரலில் படவே கூடாது. இது வேண்டாம் என்பவர்கள், எண்ணெய் தடவி ஐந்து நிமிடம் கழித்துத் தள்ளினாலும் பாதி வேலை ஆகிவிடும். எந்த வழியானாலும் பாலிஷுக்கு முன்னால் நகத்தை நன்றாக உலரவிட்டு, எண்ணெய்ப் பசை போகத் துடைத்தாக வேண்டும்.

எதைத் தள்ளுகிறோம் என்பதில்தான் நிறையப் பேருக்குக் குழப்பம். நகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, மெல்லிய வெள்ளைப் படலமாகச் சுரண்டினால் வருவதுதான் கியூட்டிகிள். அது செத்த தோல். அதற்குப் பின்னால் தடிப்பாகத் தெரிகிற விளிம்பு உயிருள்ள தோல். இரண்டும் சேர்ந்து, வளர்கிற நகத்துக்குள் அழுக்கும் கிருமியும் போகாமல் அடைத்து வைக்கின்றன. செட்டில் வரும் வி வடிவக் கத்தி, தோல் நறுக்கும் சின்னக் குறடான நிப்பர் இரண்டையும் வைத்து அந்த விளிம்பை வெட்டினால் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. சிவந்து, வீங்கி, விண்விண் என்று தெறிக்கிற நகச்சுத்து வரும் வழிகளில் இதுவும் ஒன்று. அப்புறம் எலுமிச்சம்பழத்தில் விரலைச் செருகிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சீழ் வைத்துவிட்டால் எலுமிச்சையை நம்பாமல் டாக்டரிடம் போங்கள்.

புஷரை நகத்தோடு சுமார் 45 டிகிரி சாய்த்து, கனம் கொடுக்காமல் சின்னச் சின்ன வட்டமாகத் தள்ள வேண்டும். குத்தி அழுத்தினால் அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நகம் அடிபடும். சில வாரம் கழித்து அது குறுக்குப் பள்ளமாக மேலே வரும். முதல் தடவை செய்பவர்களுக்கு எஃகைவிட மரக்குச்சி பத்திரம். நிப்பர் ஒன்று கையில் இருக்கலாம், ஆனால் ஓரத்தில் பிசிறாக நீட்டிக்கொண்டிருக்கும் தோலை நறுக்க மட்டும். பல்லால் கடித்து இழுப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

பஃபர் கட்டை மலிவு, அதனாலேயே ஆபத்து. நாலு பக்கமும் தேய்த்தால் கண்ணாடி மாதிரி மினுங்கும், கை நிற்காது. ஒவ்வொரு முறையும் மேலடுக்கு கொஞ்சம் போகிறது. விரல் நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். அடியிலிருந்து நுனிவரை புதுசாக வர ஆறு மாதம். மாதம் ஒரு முறை, நகத்துக்கு நாலைந்து இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம்.

ரிமூவர்

பாலிஷைக் கரைத்து எடுக்கும் ரிமூவரில் அசிட்டோன் உள்ளது, இல்லாதது என இரண்டு வகை. இல்லாததில் பெரும்பாலும் எத்தில் அசிட்டேட் இருக்கும். அது மெதுவாகக் கரைக்கும், ஆகவே அதிகம் தேய்க்க வேண்டிவரும். அடர் கலரும் கிளிட்டரும் போடுபவர்களுக்கு அசிட்டோனே நல்லது. நகம் வெளிறித் தெரிவது அது ஈரப்பசையை இழுத்துவிடுவதால்தான், எண்ணெய் தடவினால் சரியாகும். பஞ்சை நனைத்து நகத்தின் மேல் பத்துப் பதினைந்து விநாடி அழுத்தி வைத்து, நுனியை நோக்கி ஒரே இழுப்பாக இழுங்கள். உடனே தேய்க்க ஆரம்பித்தால் சிவப்புச் சாயம் விரல் முழுக்க அப்பிக்கொள்ளும். கிளிட்டருக்கு, நனைத்த பஞ்சை நகத்தில் வைத்துச் சமையலறை அலுமினிய ஃபாயிலால் விரலைச் சுற்றி ஐந்து நிமிடம் விடுங்கள்.

இரண்டு வகையுமே சட்டென்று தீப்பற்றும். எரிகிற அடுப்பு, பூஜை விளக்கு, கொசுவத்தி பக்கத்தில் வேண்டாம். அசிட்டோன் பட்டால் பிளாஸ்டிக் மூக்குக்கண்ணாடி, மொபைல் கவர், பாலிஷ் போட்ட மேசை எல்லாம் மங்கிப்போகும். பழைய செய்தித்தாளை விரித்து உட்காருங்கள். மருதாணிச் சிவப்பு மட்டும் எந்த ரிமூவருக்கும் அசையாது. சாயம் கெரட்டினோடு பிணைந்துவிடுவதால் நகம் வளர்ந்து வெட்டுப்பட்டால்தான் போகும். வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் ரிமூவர் பாட்டிலைத் தேடுவார்கள். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவி அடர் பாலிஷின் வழியே சரியாகப் படிக்காமல் போகலாம்.

கலர் பூசுவது

பேஸ் கோட் இரண்டு வேலை செய்கிறது. கலர் நகத்தில் ஒட்ட ஒரு பிடிமானம், அடர் சிவப்பும் நீலமும் நகத்தை மஞ்சளாக்காமல் ஒரு தடுப்பு. காசு மிச்சம் பிடிக்க டாப் கோட்டையே பேஸ் கோட்டாகப் போடுவது பலன் தராது. டாப் கோட் பளபளப்புக்கும் கடினத்துக்கும் செய்தது, ஒட்டுவதற்குச் செய்தது அல்ல.

முதலில் சீலிங் ஃபேனை நிறுத்துங்கள். நம் ஊர் வெயிலுக்குக் கஷ்டம்தான். ஆனால் காற்று பட்டால் மேல்பரப்பு மட்டும் சட்டென்று தோல் கட்டும், உள்ளே மாட்டிக்கொண்ட கரைப்பான் வெளியேறப் பார்த்துக் குமிழி குமிழியாகத் தெரியும். பாட்டிலிலும் பாலிஷ் கெட்டிப்படும். பாட்டிலைக் குலுக்காமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டுங்கள்.

எண்ணெய்ப் பசை போக ரிமூவர் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு நகத்தையும் துடையுங்கள். இதற்குப் பிறகு தலையைக் கோதுவதோ முகத்தைத் தடவுவதோ கூடாது. பிரஷின் ஒரு பக்கத்தைப் பாட்டில் வாயில் வழித்துவிட்டு, மறு பக்கத்தில் ஒரு சொட்டு மட்டும் நிற்கட்டும். அடியோரத் தோலிலிருந்து ஒரு மயிரிழை இடம் விட்டு நடுவில் ஒரு கோடு, இரு பக்கமும் ஒவ்வொரு கோடு. தோலில் ஏறிய பாலிஷ்தான் முதலில் தூக்கிக்கொண்டு வரும், அதனால்தான் அந்த இடைவெளி. கடைசியாக நகத்தின் நுனித் தடிப்பின் மேல் பிரஷை ஒரு முறை ஓட்டுங்கள். சாவி, டப்பா மூடி, மொபைல் எல்லாம் உரசுவது அந்த நுனியில்தான். அதை மூடாமல் விட்டால் இரண்டாம் நாளே வெள்ளைக் கோடு தெரியும்.

பேஸ் கோட், மெல்லிசாகக் கலர் இரண்டு பூச்சு, டாப் கோட். நடுவில் இரண்டு மூன்று நிமிட இடைவெளி. முதல் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் தெரியும். பதறிப்போய் கனமாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுக்கும், காலையில் எழுந்தால் தலையணை உறையின் நெசவு நகத்தில் பதிந்திருக்கும். தொட்டால் ஒட்டாத பதம் கால் மணி நேரத்தில் வந்துவிடும், முழுக்க இறுகப் பல மணி நேரம் ஆகும். அன்றைக்கு வெந்நீர்க் குளியலும் தேங்காய் துருவலும் வேண்டாம். வழிந்ததைத் துடைக்கத் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை, பழைய பெயின்ட் பிரஷ் ஒன்றை ரிமூவரில் தொட்டுக்கொள்ளலாம்.

வெளிர் நிறமும், நுனியில் மட்டும் பூசும் பிரெஞ்ச் வெள்ளையும் ஆசையாக வாங்குவார்கள். மஞ்சள்தூள் போட்டுச் சமைக்கிற கையில் அது இரண்டு நாளில் மஞ்சளடிக்கும். பிசைந்து சாப்பிடுகிற கைக்கு அரக்கு, மெரூன், காப்பிக்கொட்டை நிறம் தோது.

கெட்டியான பாட்டிலில் ரிமூவரை ஊற்றாதீர்கள். படலம் உடைந்து பாலிஷ் பாழாகும். நெயில் பாலிஷ் தின்னர் என்று கேட்டு வாங்கி இரண்டு மூன்று சொட்டு விடுங்கள்.

எண்ணெய்க்குத் தனி பாட்டில் வேண்டியதில்லை. சமையலறைத் தேங்காயெண்ணெயோ நல்லெண்ணெயோ இரவில் நகத்துக்கு ஒரு சொட்டு போதும். விளக்கெண்ணெய் பிசுக்கு அதிகம், வேண்டுமானால் கலந்துகொள்ளலாம். பாலிஷ் காய்ந்த பிறகு இதைத் தினமும் செய்தால் அதுவே பாதி மேனிக்யூர்.

எஃகுச் சாமான்களை முதலில் சோப்பும் பழைய டூத் பிரஷும் போட்டுத் தேய்த்துக் கழுவி, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கிற சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பத்து நிமிடம் போட்டு, துடைத்து உலர்த்துங்கள். அழுக்கோடு ஸ்பிரிட்டில் போட்டால் பலனில்லை. அட்டை ஃபைலையும் மரக்குச்சியையும் இப்படிச் சுத்தம் செய்ய முடியாது. ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டு, தேய்ந்ததும் தூக்கிப் போடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெட்டுகிற, தள்ளுகிற வேலையையே தவிர்த்து ஃபைலோடும் எண்ணெயோடும் நிறுத்திக்கொள்வது நல்லது.

விளக்கொளியில் இறுகும் ஜெல் பாலிஷ், விளக்கோடு கிட்டாக வரும்; அதை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. விளக்கும் ஜெல்லும் பொருந்தாவிட்டால் உள்ளே அரைகுறையாகத்தான் இறுகும். இறுகாத ஜெல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் அதில் இருக்கும் அக்ரிலேட் என்ற வேதிப்பொருளுக்கு ஒவ்வாமை வரலாம். ஒருமுறை வந்தால் அது பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க. பல ஜெல்களில் இருந்த டிபிஓ (TPO) என்ற வேதிப்பொருளை அழகுசாதனங்களில் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2025 செப்டம்பர் 1 முதல் தடை செய்துவிட்டது. வாங்கியே தீருவேன் என்றால் லேபிளைப் படித்து, விளக்கும் ஜெல்லும் ஒரே கம்பெனியாக வாங்குங்கள்.

எந்தப் பாலிஷானாலும் ஓரம் தூக்கியதும் நகத்தால் நெம்பி உரிக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. பட்டை பட்டையாக வருவது கைக்கு ருசியாகத்தான் இருக்கும். அதோடு நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வருகிறது. வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும் அந்த இடங்கள் வளர்ந்து நுனிக்கு வரும்வரை பேஸ் கோட்கூட அங்கே சரியாக ஒட்டாது.