தடுப்புப் புள்ளிவிவரத்தை வெற்றியோடு ஒப்பிடுவது எப்படி?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் எறிதல் தடுப்புக்கும் (எதிரணி வளையத்தை நோக்கி எறியும் பந்தைத் தட்டித் தடுப்பதற்கும்) வெற்றிக்கும் உள்ள தொடர்பை ஆராய விரும்புபவர், ஆண்கள் பிரிவின் தரவை 1985-86 பருவத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு தடுப்புகளை அதிகாரப்பூர்வமாகப் பதியத் தொடங்கியது அப்போதுதான்.

வெறும் எண்ணிக்கையை நம்பாதீர்கள். வேகமான ஆட்டங்களில் இரு அணிகளும் அதிகமாக எறிவதால் தடுப்புகளும் கூடும். ஆகவே அவற்றை எதிரணியின் இரண்டு புள்ளி முயற்சிகளால் வகுத்து விழுக்காடாக்குங்கள். மூன்று புள்ளி எறிதல்கள் தடுக்கப்படுவது அரிது என்பதால், அவற்றைச் சேர்ப்பது, என் கருத்தில், கணக்கைக் குழப்பவே செய்யும்.

அடுத்து, தடுக்கப்பட்ட பந்து யாரிடம் போனது என்பதை ஆட்டப் பதிவில் பாருங்கள். பார்வையாளர் வரிசைக்குள் அறைந்து அனுப்பிய பந்து கைதட்டலைப் பெறலாம், ஆனால் எதிரணிக்கே திரும்பும். சக வீரர் கைப்பற்றிய பந்துதான் தாக்குதல் வாய்ப்பை இடம்மாற்றுகிறது. வளையத்தை நோக்கி இறங்கும் பந்தைத் தட்டினால் அது விதிமீறல். எதிரணிக்குப் புள்ளி கிடைக்கும், தடுப்பு பதிவாகாது.

பிறகு பருவம் முழுவதற்குமான வெற்றி விழுக்காட்டோடு ஒப்பிடுங்கள். 2012இல் கென்டக்கி பல்கலைக்கழக அணி, தன் வீரர் ஆந்தனி டேவிஸின் 186 தடுப்புகளோடு தேசியப் பட்டம் வென்றது உண்மையே. ஆயினும் அவ்வணி தாக்குதலிலும் சிறந்திருந்ததால், எதிரணியின் எறிதல் துல்லியத்தையும் ஃபவுல்களையும் உடன் வைத்துப் பார்க்காமல் வெற்றிக்குத் தடுப்பே காரணம் எனக் கூறலாகாது.