கரிம வேதியியலுக்குத் தனி டியூஷன்: ஆள் தேடுவதும் அந்த ஒரு மணி நேரத்தைப் பயன்படுத்துவதும்

"ஆர்கானிக் சுத்தமா வரல" என்று சொல்லிப் போனால், எந்த ஆசிரியரும் முதல் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பார். அதை ஐம்பது பேரோடு உட்கார்ந்தும் கேட்கலாம். தனி வகுப்பில் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றுதான்: நீங்கள் எழுதும்போது ஒருவர் பக்கத்திலிருந்து பார்க்கிறார். அதனால் எங்கே இடறுகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

அதற்கு ஒரு மாலை போதும். புத்தகத்தை மூடிவிட்டு, ஆல்கஹால், கார்பனைல், அமீன் பாடங்களிலிருந்து 10 கேள்விகளை 45 நிமிடத்தில் எழுதிப் பாருங்கள். தவறிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் குறியுங்கள்: பெயரைப் பார்த்து அமைப்பு வரையத் தெரியவில்லையா, ரீஏஜென்ட் (வினையை நடத்தச் சேர்க்கும் வேதிப்பொருள்) மறந்துவிட்டதா, வினை ஏன் அப்படி நடக்கிறது என்பதே புரியவில்லையா? ரீஏஜென்ட் மறதிக்கு டியூஷன் வேண்டாம். அட்டை எழுதி வைத்துத் தினமும் புரட்டினால் போதும். காசு செலவழிக்க வேண்டியது மூன்றாவது வகைக்கு. அந்த ஓட்டை பெரும்பாலும் பிளஸ் டூவில் விழுந்ததாக இருக்காது. தமிழ்நாடு பாடநூலில் பதினொன்றாம் வகுப்பின் 11, 12-ஆம் அலகுகளில், தூண்டல் விளைவு, உடனிசைவு, கருக்கவர் பொருள் வரும் இடத்தில் விழுந்திருக்கும்.

ஆளைத் தேடும்போது பட்டத்தை மட்டும் பார்க்காதீர்கள். பக்கத்துக் கல்லூரியில் எம்.எஸ்சி. வேதியியல் படிப்பவர், ஓய்வுபெற்ற முதுகலை ஆசிரியர் இருவருமே சரிப்படுவார்கள். முதல் வகுப்பைச் சோதனை வகுப்பாகக் கேளுங்கள். அதில் இந்தக் கேள்வியைப் போடுங்கள்: "2-புரோமோபுரோப்பேனோட நீர்த்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்தா புரோப்பன்-2-ஆல் வருது, ஆல்கஹாலில் கரைச்சதைச் சேர்த்தா புரோப்பீன் வருது. ஏன் சார்?" நல்லவர் உடனே பேப்பரை உங்கள் பக்கம் தள்ளி, "முதலில் நீ வரை" என்பார். பிறகு, ஆல்கஹால் கரைசலில் ஆல்காக்சைடு என்ற வலுவான காரம் உண்டாவதையும், அது கார்பனைத் தாக்குவதை விட ஹைட்ரஜனைப் பிடுங்குவதில் முந்துவதையும், சூடாக்கும்போது நீக்க வினை (அணுக்கள் வெளியேறி இரட்டைப் பிணைப்பு உண்டாவது) மேலோங்குவதையும் காட்டுவார். "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ" என்றால், டீயைக் குடித்துவிட்டு நன்றி சொல்லி வந்துவிடலாம்.

எந்தத் தேர்வுக்கு என்பதையும் முதலிலேயே சொல்லுங்கள். பொதுத் தேர்வில் சமன்பாட்டைச் சரியாக எழுதினால் மதிப்பெண். நீட்டில் வேதியியலுக்கு 45 கேள்விகள். அங்கே பாடத்தில் பார்க்காத மூலக்கூறைக் கொடுத்து என்ன விளையும் என்று கேட்பார்கள். தமிழ்வழி மாணவர் என்றால் ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, நியூக்ளியோபைல் – கருக்கவர் பொருள், ஐசோமர் – மாற்றியம் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். ஆசிரியர் ஒரு சொல்லும் புத்தகம் இன்னொரு சொல்லுமாக இருப்பதால் மட்டுமே பாதி வகுப்பு குழம்பிப்போகும்.

வகுப்புக்கு முந்தின இரவே, முயன்று நின்றுபோன இரண்டு கணக்குகளைப் படமெடுத்து அனுப்புங்கள். வெறும் கேள்வியை அனுப்பினால் விடை மட்டும் திரும்பி வரும். "3-மெத்தில்பியூட்-1-ஈனோடு ஹைட்ரஜன் குளோரைடு சேர்த்தேன். மார்க்கோனிகாப் விதிப்படி 2-குளோரோ-3-மெத்தில்பியூட்டேன்தானே? புத்தகத்தில் 2-குளோரோ-2-மெத்தில்பியூட்டேன் முதன்மை என்கிறது" என்று எழுதினால், நீங்கள் தவறவிட்டது கார்பன் நேரயனியில் நடக்கும் ஹைட்ரைடு இடமாற்றம் (ஹைட்ரஜன் தன் எலக்ட்ரான் ஜோடியோடு பக்கத்துக் கார்பனுக்குத் தாவுவது) என்பது அவருக்குப் பார்த்ததும் தெரியும். ஈரிணைய அயனி, அதைவிட நிலைத்த மூவிணைய அயனியாக மாறிவிடுகிறது. வகுப்பு நேராக அங்கிருந்தே தொடங்கும்.

வகுப்பில் பென்சில் உங்கள் கையில் இருக்கட்டும். ஒரு மணியில் 40 நிமிடமாவது நீங்கள் வரைய வேண்டும், அவர் நிறுத்த வேண்டும். பார்த்துத் திருத்தச் சொல்ல வேண்டியது வளைந்த அம்புக்குறிகளை. பலரும் ஹைட்ரஜன் அயனியிலிருந்து அம்பைக் கிளப்புவார்கள். அம்பு எலக்ட்ரான் நகர்வைக் காட்டுவது. தனி ஜோடியிலிருந்தோ பிணைப்பிலிருந்தோதான் கிளம்பும். அந்த அயனியிடம் கொடுக்க எலக்ட்ரானே இல்லை. அடுத்த தவறு, பழைய பிணைப்பை உடைக்காமல் புதியதைச் சேர்த்துக் கார்பனுக்கு ஐந்து கை முளைக்க வைப்பது. விடை சரியாக வந்தாலும் இவை உள்ளே இருக்கும். தனியாகப் படிக்கும்போது கண்ணில் படவே படாது.

ஆன்லைனில் என்றால் முகத்தைக் காட்டிப் பயனில்லை. நாலைந்து புத்தகத்தை அடுக்கி, கேமரா தாளை நோக்கிக் குனியும்படி போனை அந்த அடுக்கின் விளிம்பில் வையுங்கள். மாற்றியங்களை (ஒரே வாய்பாடு, வேறு அமைப்பு) புரிந்துகொள்ள மாடல் பெட்டி வாங்க வேண்டியதில்லை. ஊறவைத்த கொண்டைக்கடலை ஒன்றில் நான்கு பல்குத்திகளைச் செருகி, நுனிகளில் நான்கு நிறக் களிமண் ஒட்டினால் சீர்மையற்ற கார்பன் தயார். இரண்டு செய்து, ஒன்றை மற்றதன் கண்ணாடி பிம்பமாக அமைத்து, ஒன்றன்மேல் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். எப்படித் திருப்பினாலும் பொருந்தாது. பல்குத்திகளுக்கு இடையே 109.5 டிகிரி வருவதற்காகக் கோணமானி தேட வேண்டாம், கண்ணால் பார்த்துச் சமமாகச் செருகினாலே போதும். கடலை மறுநாளே சுருங்கிவிடும் என்பதுதான் குறை.

வாரத்துக்கு ஒரே நாள் இரண்டு மணி நேரத்தை விட, இரண்டு நாள் ஒவ்வொரு மணி நேரம் நல்லது. நடுவில் எழுதிப் பார்க்க இடைவெளி கிடைக்கும். கட்டணத்தை மாதாமாதம் கொடுங்கள், ஆண்டு முழுதுக்கும் முன்பணம் வேண்டாம். எட்டு வகுப்பு முடிந்ததும் முதல் நாள் போலவே புதிதாக 10 கேள்வி, 45 நிமிடம். மூன்றாவது வகைத் தவறுகள் குறையவில்லை என்றால், முதலில் அந்த எட்டு நாள் தாள்களை எடுத்துப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலும் ஆசிரியரின் கையெழுத்து இருந்தால், அடுத்த வகுப்பில் அதைச் சொல்லிப் பென்சிலை வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கையெழுத்தே நிறைந்திருந்தும் தவறு குறையவில்லை என்றால் வேறு ஆள் பாருங்கள்.