கியர்பாக்ஸ் ஆயில்: வீட்டில் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய ஆயில் முழுக்க வடிந்துவிட்டது. புதிய ஆயிலை ஊற்ற வேண்டிய போல்ட்டோ அசையவே மாட்டேன் என்கிறது. இந்த நிலையில் காரை மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது, கியர்பாக்ஸ் காலி. மெக்கானிக்தான் வீட்டுக்கு வர வேண்டும், இல்லையென்றால் டோ வண்டியைக் கூப்பிட வேண்டும். வீட்டு வாசலில் கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுபவர்கள் செய்யும் தவறுகளில் அதிகம் செலவு வைப்பது இதுதான். அதனால் முதலில் மேலே உள்ள ஃபில்லர் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். அது கழன்ற பிறகுதான் கீழே உள்ள டிரெய்ன் போல்ட்டைத் தொட வேண்டும். பல வருடம் திறக்காத போல்ட் என்றால் முந்தைய இரவே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து ஊறவிடுங்கள். தலை சரியாகப் பொருந்தும் ஸாக்கெட்டோ ஆலன் கீயோ இல்லாமல், கையில் கிடைத்த ஸ்பானரால் திருகினால் போல்ட்டின் தலை உருண்டுவிடும்.

அப்புறம், நீங்கள் கழற்றப்போவது எந்த போல்ட் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முன்சக்கர இழுவை கார்களில் என்ஜினும் கியர்பாக்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், இரண்டுக்கும் தனித்தனி டிரெய்ன் போல்ட் உண்டு. படுத்துக்கொண்டு பார்த்தால் குழப்பம் வருவது இயல்புதான். என்ஜின் ஆயிலை வடித்துவிட்டு, நிறைந்திருக்கும் கியர்பாக்ஸில் இன்னும் ஊற்றினால் இரண்டுமே கெடும். ஆயில் ஃபில்டர் இருக்கும் பக்கம் என்ஜின். சக்கரங்களைச் சுழற்றும் தண்டுகளான டிரைவ் ஷாஃப்ட்டுகள் வந்து நுழையும் பெட்டி கியர்பாக்ஸ்.

ஆயில் வாங்குவதில்தான் கவனம் அதிகம் வேண்டும். பெங்களூர் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் போய் "90 கியர் ஆயில் குடுங்க" என்று மட்டும் கேட்டு வாங்கக் கூடாது. 90 என்பது ஆயிலின் தடிமன் மட்டுமே. ஜிஎல்-4 வேண்டுமா, ஜிஎல்-5 வேண்டுமா என்பது ஆயிலின் வகையைப் பற்றிய வேறு கேள்வி. ஜிஎல்-5 பெரும்பாலும் பின் அச்சில் உள்ள டிஃபரென்ஷியல் பற்சக்கரங்களுக்கான ஆயில். அங்கே பற்கள் ஒன்றின்மேல் ஒன்று கடும் அழுத்தத்தில் வழுக்கிச் செல்வதால் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அதில் கூடுதலாக இருக்கும். நம் மேனுவல் கியர்பாக்ஸிலோ பித்தளை சின்க்ரோ வளையங்கள் இருக்கும். கியர் மாற்றும்போது அவை பற்சக்கரத்தின் கூம்பைப் பிடித்து, உராய்ந்து, வேகத்தைச் சமப்படுத்த வேண்டும். சில ஜிஎல்-5 ஆயில்கள் அந்தப் பித்தளையை அரிக்கும். வழுக்கல் அதிகமானால் வளையத்தின் பிடியும் குறையும், கியர் கரகரக்கும். எண் பெரிதாக இருப்பதால் தரமும் பெரிது என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். சில நிறுவனங்கள் தாங்களே ஜிஎல்-5 கேட்பதும் உண்டு. ஆகவே காரோடு வந்த கையேட்டில் உள்ளதைப் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். 75டபிள்யூ-80 என்று இருந்தால் அதையே கேளுங்கள். கடைக்காரர் 80டபிள்யூ-90 எடுத்துக் கொடுத்து "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால் அடுத்த கடை பாருங்கள். தடிமனான ஆயிலில் டிசம்பர் காலைக் குளிரில் இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கும்.

காரை ஜாக்கில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் தலையை நீட்டவே கூடாது. ஹாலோ பிளாக் கல்லும் உதவாது. பாரம் ஏறியதும் எச்சரிக்கையே இல்லாமல் உடைந்துவிடும். தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் ஜாக் ஸ்டாண்ட் இல்லையா, வேலையைத் தள்ளிப்போடுங்கள்.

பெங்களூரில் சமதளமான தெரு கிடைப்பதே கஷ்டம். அபார்ட்மென்ட் கார் பார்க்கிங்கிலும் தண்ணீர் ஓட லேசாகச் சரிவு வைத்திருப்பார்கள். பல கார்களில் ஆயில் அளவு பார்க்க ஃபில்லர் துளையே அளவுகோல்: அதன் விளிம்பு வரை வந்து வழியத் தொடங்கினால் போதும். கார் சாய்ந்திருந்தாலோ முன்பக்கம் மட்டும் தூக்கியிருந்தாலோ இந்தக் கணக்கு தப்பும். அதிகமானால் ஆயில் நுரைத்து சீல் வழியாகக் கசியும், குறைந்தால் பற்களும் பேரிங்குகளும் தேயும். சில கார்களில் துளையை வைத்துப் பார்க்க முடியாது, அளந்துதான் ஊற்ற வேண்டும், கையேடு சொல்லும். கியர் ஆயில் மெதுவாகத்தான் இறங்கும். பானட்டைத் திறந்து மேலிருந்து ஒரு நீளமான ஹோஸும் புனலும் வைத்து ஊற்றினால் போதும், பம்ப் தேவையில்லை. ஹோஸ் உள்ளே சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வடிப்பதற்கு முன் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்தால் ஆயில் இளகி நன்றாக வடியும். சுட்டெரிக்கும் அளவுக்குச் சூடாக இருந்தால் கொஞ்சம் ஆறவிடுங்கள். பழைய ஆயிலைப் பார்க்காமல் விடாதீர்கள். டிரெய்ன் போல்ட்டில் காந்தம் இருந்தால் அதன் முனையில் குழைத்த விபூதி மாதிரி சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டலாம். நெருடும் துணுக்கோ உடைந்த பல்லின் சில்லோ கிடைத்தால் மெக்கானிக்கிடம் காட்டத்தான் வேண்டும். ஊற்றவேண்டிய அளவைவிட வெகு குறைவாக வடிந்திருந்தால் எங்கோ கசிகிறது. கியர் ஆயில் என்ஜின் ஆயில் போல எரிந்து குறையாது; டிரைவ் ஷாஃப்ட் சீலைப் பாருங்கள். கசிவைக் கண்டுபிடிக்காமல் ஊற்றி ஊற்றி ஓட்டுவது கியர்பாக்ஸைக் கொல்லும்.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. வேண்டவே வேண்டாம், முழுக்க வெளியே வராது, புதிய ஆயிலை நீர்க்கச் செய்யும். போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள், சில ரூபாய்தான். கியர்பாக்ஸ் உடல் அலுமினியம் என்பதால் முழு பலத்தையும் போட்டு முறுக்கினால் மரை போய்விடும். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் கையேட்டில் சொன்ன அளவுக்கு வையுங்கள்.

வடித்த ஆயிலை வாசல் சாக்கடையில் கொட்டினால் அது ராஜகாலுவே எனும் மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்குப் போய்ச் சேரும். பழைய ஆயில் சட்டப்படி அபாயகரமான கழிவு. மூடியுள்ள கேனில் ஊற்றி, பழைய ஆயிலைச் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்.