போகாத மலைநாட்டைப் படத்தில் படிப்பது எப்படி

முதன்முதலில் ஒரு மலைப்பகுதியின் வரைபடம் கைக்கு வந்தபோது நான் தேடியது சிகரத்தை. எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள். இருப்பதிலேயே பெரிய எண்ணைக் கண்டுபிடித்து, சுற்றி ஒரு வட்டம் போட்டு, அடிவாரக் கிராமத்தையும் அந்த வட்டத்தையும் கோடு கிழித்து இணைத்து, அளவுகோல் வைத்துப் பார்த்தேன். நான்கு கிலோமீட்டர். ஒரு மணி நேர நடை என்று முடிவு கட்டிவிட்டேன். போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆனது. நான் கிழித்த நேர்கோட்டை இரண்டு ஓடைகள் குறுக்கே வெட்டிக்கொண்டு போயின. படத்தில் அவை மெல்லிய நீல இழைகள். தரையில் ஒவ்வொன்றும் 150 மீட்டர் ஆழப் பள்ளம்.

அன்று முதல் சிகரத்தைக் கடைசியில்தான் பார்க்கிறேன். முதலில் தண்ணீர். யாருக்காவது சொல்லித்தரும்போதும் அங்கேதான் தொடங்குகிறேன்.

தேவையானவை கொஞ்சம்தான். 1:50,000 அளவில் ஒரு டோப்போ ஷீட் (மேடுபள்ளங்களைக் கோடுகளால் காட்டும் வரைபடம்), அதன் மேல் விரிக்க டிரேசிங் தாள், ஒரு நீலப் பென்சில், ஒரு பழுப்புப் பென்சில், ஒரு முழம் நூல். திரையில் பார்த்தே பழகியவர்கள்கூட முதல் முறை தாளில் செய்து பாருங்கள். கை கோட்டின் மேல் ஊர்ந்து போகும்போது கண்ணுக்குத் தப்பியது கைக்குப் புலப்படும்.

நீலம்

படத்தில் நீலமாக அச்சிட்டிருக்கும் ஆறு, ஓடை எல்லாவற்றையும் டிரேசிங் தாளில் எடுங்கள். அதோடு நிறுத்தாதீர்கள். படம் வரைந்தவர்கள் எல்லாச் சிற்றோடைகளையும் போடுவதில்லை. மழைக்கு மட்டும் ஓடுபவை பெரும்பாலும் விடுபட்டிருக்கும். அவற்றைச் சம உயரக் கோடுகளே, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளே, காட்டிக்கொடுக்கும். அந்தக் கோடுகள் ஒரு பள்ளத்தைக் கடக்கும்போது அம்புமுனை போல மடங்கும். முனை எப்போதும் மேட்டுப்பக்கம், அதாவது நீர் வரும் திசையைப் பார்க்கும். அப்படி அடுக்கடுக்காக மடிப்புகள் தெரியும் இடங்களிலெல்லாம் முனைகளை இணைத்து நீலக்கோடு போடுங்கள். முடித்ததும், அச்சில் இருந்ததைப் போல இரண்டு மூன்று மடங்கு ஓடைகள் தாளில் இருக்கும்.

இப்போது மூலப்படத்தை ஒதுக்கிவிட்டு நீலத்தை மட்டும் பாருங்கள். அதன் வடிவமே பாதி நிலவியல். மரக்கிளை போல எல்லாத் திசையிலும் பிரிந்தால், அடியில் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பாறை. எந்தப் பக்கம் வெட்டினாலும் நீருக்கு ஒரே சிரமம்தான். நீண்ட இணைகோடுகளாக ஓடி, திடீரெனச் செங்கோணத்தில் திரும்பினால், கடினப் பாறையும் மென்பாறையும் மடிந்து மாறிமாறிக் கிடக்கின்றன என்று பொருள். வட அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைகளின் படத்தைத் திறந்தால் இது பாடப்புத்தகம் போலத் தெரியும். ஒரு புள்ளியிலிருந்து சக்கரத்தின் ஆரக்கால்களாக விரிந்தால் அது தனி எரிமலையாகவோ கும்மட்டமாக எழுந்த மேடாகவோ இருக்கும்.

பழுப்பு

அடுத்தடுத்த இரண்டு ஓடைகளுக்கு நடுவே மிஞ்சி நிற்பதுதான் முகடு. அதன் உச்சி வழியே பழுப்புக்கோடு போடுங்கள். இதுதான் நீர்ப்பிரிமுகடு: இந்தப் பக்கம் விழுந்த துளி ஓர் ஆற்றுக்கும் அந்தப் பக்கம் விழுந்தது வேறோர் ஆற்றுக்கும் போகும். ஒரே விதி, பழுப்பு எங்கும் நீலத்தைக் கடக்கக் கூடாது. கடந்தால் எங்கோ தவறாகப் படித்திருக்கிறீர்கள். அழித்துவிட்டு மறுபடி போடுங்கள். நான் முதல் தாளில் ஏழு இடத்தில் அழித்தேன்.

அந்த ஏழில் ஐந்து, ஒரே தவறு. மலையிலிருந்து கைபோல நீண்டு இறங்கும் மேட்டிலும் கோடுகள் அம்புமுனையாகத்தான் மடங்கும். ஆனால் முனை பள்ளத்தைப் பார்க்கும். கோட்டின் மேல் அச்சிட்ட உயர எண்ணைப் பார்க்காமல் வடிவத்தை மட்டும் பார்த்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தெரியும். ஆகவே ஒவ்வொரு மடிப்பிலும் பக்கத்துத் தடித்த கோட்டின் எண்ணைத் தேடுங்கள். பல நாட்டுப் படங்களில் எண்ணின் தலைப்பகுதி மேட்டுப்பக்கம் இருக்கும்படியே அச்சிடுவார்கள். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு உச்சிகளுக்கு நடுவே பழுப்புக்கோடு தாழும் இடத்தைத் தனியாகக் குறியுங்கள். அங்கே கோடுகள் உடுக்கை போல இடை சிறுத்திருக்கும். குதிரைச் சேணம் மாதிரி இரு பக்கம் உயர்ந்து இரு பக்கம் தாழ்ந்த இடம் அது. கணவாய் என்று நாம் சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்கு மனிதரும் ஆடும் காற்றும் தாண்டும் இடம். ஒதுங்கிய மலைநாட்டில் ஓர் ஊர் எந்த ஊரோடு பெண் கொடுத்து எடுக்கும், எந்தச் சந்தைக்குப் போகும் என்பதைக்கூட நேர்தூரத்தைவிட இந்தச் சேணங்கள்தான் முடிவு செய்யும். பெயர்களும் உதவும். திபெத்திய மொழியில் ‘லா’ என்றால் கணவாய். நாதுலா, கர்துங்லா என்று படித்தவுடன் அங்கே ஒரு சேணம் இருக்கிறது என்று தெரிந்துவிடும். நேபாளியில் ‘கோலா’ ஓடையைக் குறிக்கும். போகும் பகுதியின் மொழியில் ஓடை, கணவாய், பாறை, சதுப்பு ஆகிய நான்குக்கும் சொல் கற்றுக்கொண்டு படத்தைப் பார்த்தால், அது கொஞ்சம் தானாகவே பேசும்.

கோட்டின் இடைவெளி

சம உயரக் கோட்டின் கதையில் ஒரு நல்ல மலை வருகிறது. 1774இல் நெவில் மாஸ்கெலின் என்ற ஆங்கிலேய வானியலாளர், ஸ்காட்லாந்தில் ஷிஹாலியன் என்ற தனித்து நிற்கும் 1,083 மீட்டர் மலையின் பக்கத்தில் தூக்குக்குண்டு எவ்வளவு இழுபடுகிறது என்று அளந்தார். பூமியின் அடர்த்தியைக் கணிப்பது நோக்கம். அதற்கு மலையின் கனஅளவு வேண்டும். ஆயிரக்கணக்கான அளவுப் புள்ளிகள் குவிந்து கிடந்தன. அவற்றை வைத்துக் கணக்குப் போட்ட கணிதவியலாளர் சார்ல்ஸ் ஹட்டன், ஒரே உயரமுள்ள புள்ளிகளைக் கோட்டால் இணைத்தார். தாளில் மலை எழுந்து நின்றது. கடலின் ஆழத்தைக் காட்ட இதுபோன்ற கோடுகள் முன்பே இருந்தன. ஆனால் எண்களின் குவியல் ஒரு மலையாக மாறிய கதை என்பதால் இது எனக்குப் பிடிக்கும்.

நமக்கு வேண்டிய கணக்கு அதைவிட எளிது. 1:50,000 படத்தில் ஒரு மில்லிமீட்டர் தரையில் 50 மீட்டர். கோட்டுக்குக் கோடு 20 மீட்டர் உயர வேறுபாடு என்று வைத்துக்கொள்வோம் (படத்தின் ஓரத்தில் போட்டிருக்கும், பார்த்துவிடுங்கள்). கோடுகளுக்கு நடுவே 2 மி.மீ. என்றால் 11 பாகைச் சரிவு, பேசிக்கொண்டே ஏறலாம். 1 மி.மீ. என்றால் 22 பாகை, பேச்சு நின்றுவிடும். அரை மி.மீ. என்றால் கிட்டத்தட்ட 39 பாகை. கை ஊன்றாமல் முடியாது. அதற்கு மேல் நெருங்கினால் போகாதீர்கள்.

இந்தக் கோடுகள் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. இரண்டு கோடுகளுக்கு நடுவே 15 மீட்டர்ச் செங்குத்துப் பாறை இருந்தாலும் படத்தில் அது தெரியாமல் போகலாம். 20 மீட்டர்ப் படத்தில் 15 மீட்டருக்கு இடமில்லை. நான்கு மாடிக் கட்டடம் மறைந்துகொள்ளும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

சரிவின் அமைப்பையும் பாருங்கள். மேலே நெருக்கம், கீழே அகலம் என்றால் குழிந்த சரிவு. உச்சியிலிருந்து அடிவரை தெரியும். மேலே அகலம், கீழே நெருக்கம் என்றால் புடைத்த சரிவு. இதுதான் ஆளை ஏமாற்றும். மேலே நின்றால் மெத்தென்று இறங்குவது மட்டும் தெரியும். செங்குத்துப் பகுதி புடைப்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். தெரியாத மலையில் புடைத்த சரிவு வழியே இறங்காதீர்கள், குறிப்பாக மாலையில்.

தூரத்தை மணியில் அளப்பது

மலைநாட்டில் கிலோமீட்டர் என்பது பாதி உண்மை. 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்குச் சொன்னார். இன்றும் அதுதான் அடிப்படை. மெட்ரிக்கில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். சுருக்கமாக, கிலோமீட்டருக்கு 12 நிமிடம், நூறு மீட்டர் ஏற்றத்துக்கு 10 நிமிடம். செங்குத்தான இறக்கத்துக்கும் நேரம் கூட்ட வேண்டும் என்று பின்னால் வந்தவர்கள் திருத்தினார்கள்: 12 பாகைக்கு மேல் சரிந்தால் 300 மீட்டருக்கு 10 நிமிடம்.

என் பழைய நான்கு கிலோமீட்டரை இதில் போட்டுப் பார்த்தேன். நடைக்கு 48 நிமிடம். கிராமத்திலிருந்து சிகரம் 600 மீட்டர் மேலே. இரண்டு ஓடைகளில் இறங்கியதை மறுபடி ஏறியது 300. ஆக 900 மீட்டர் ஏற்றம், 90 நிமிடம். ஓடைகளுக்கு இறங்கிய 300 மீட்டருக்கு 10 நிமிடம். மொத்தம் 2 மணி 28 நிமிடம். மீதி இரண்டரை மணி நேரத்தை முட்புதரும் என் பிடிவாதமும் தின்றன. நூல் இதற்குத்தான்: பாதையின் வளைவுகள்மேல் நூலை வைத்து அளந்து, பிறகு நீட்டி அளவுகோலில் வையுங்கள். பழுப்புக்கோடு வழியாகப் போயிருந்தால் தூரம் கூடுதல்தான். ஆனால் இரண்டு பள்ளமும் இல்லை.

காற்றையும் குளிரையும் ஊகிப்பது

படத்தில் வானிலை இல்லை, ஆனாலும் ஊகிக்கலாம். உயர உயர வெப்பம் சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 பாகை செல்சியஸ் குறையும். ஈரக்காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது தெரிந்தால், அந்தப் பக்கச் சரிவில் மழையும் முதுகுப்பக்கம் மழைமறைவும் என்று பழுப்புக்கோட்டின் இருபுறமும் எழுதிவைக்கலாம். ஹவாயின் கவாய் தீவு இதற்கு ஒரு முரட்டு உதாரணம்: வையாலேயாலே உச்சியில் ஆண்டுக்கு 9,000 மி.மீட்டருக்கும் மேல் கொட்டுகிறது. முப்பது கிலோமீட்டர்கூடத் தள்ளியில்லாத தென்மேற்குக் கரையில் சுமார் 500 மி.மீ.தான்.

பலரும் தவறவிடுவது இரவுக் குளிர். மேலே போனால் குளிர் என்று மனப்பாடம் செய்துவிட்டு, பள்ளத்தின் அடியில் கூடாரம் போடுகிறார்கள். காற்றில்லாத தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆஸ்திரியாவின் க்ரூன்லோக் என்ற குழி 1,270 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. 1932இல் அங்கே மைனஸ் 52.6 பாகை பதிவானது. சுற்றியுள்ள உயர்ந்த உச்சிகளில் அப்படியொரு குளிர் இல்லை. ஆக, நீங்கள் போட்ட நீலக்கோடுகளே இரவில் குளிர்க்காற்று ஓடும் வாய்க்கால்கள். வெளியேற வழியில்லாமல் மூடிய குழிகளையும், இடுக்கான வாயுள்ள பள்ளத்தாக்குகளையும் படத்தில் புள்ளிவைத்துக்கொள்ளுங்கள். உறங்க அடியிலிருந்து சற்றே மேலே, சரிவின் நடுப்பகுதி நல்லது.

வெயில் விழும் பக்கம், விழாத பக்கம் என்பதும் உண்டு. பிரெஞ்சு ஆல்ப்ஸில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல்லே வைத்திருக்கிறார்கள்: வெயிற்சரிவு ‘அத்ரே’, நிழற்சரிவு ‘யூபாக்’. வயலும் வீடும் முதலாவதில், காடு இரண்டாவதில். நிலநடுக்கோட்டுக்கு நெருங்க நெருங்க இந்த வேறுபாடு மங்கிவிடும்.

செயற்கைக்கோள் படத்தோடு ஒரு சண்டை

திரையில் மலைகளைப் பார்க்கும்போது சில சமயம் பள்ளத்தாக்கு முகடாகவும் முகடு பள்ளத்தாக்காகவும் புரண்டு தெரியும். கண்ணில் கோளாறு இல்லை. வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்று மூளை எடுத்துக்கொள்கிறது. வடகோளத்தின் நடுப்பகுதிப் படங்களிலோ வெயில் தெற்கிலிருந்து, அதாவது படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து வருகிறது. படத்தைத் தலைகீழாகத் திருப்புங்கள், மலை நிமிர்ந்துவிடும். கையால் நிழல் தீட்டிய வரைபடங்களில் வெளிச்சம் வடமேற்கிலிருந்து வருவதாகப் போடுவதும் இந்தக் குழப்பம் வராமலிருக்கத்தான்.

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவுகளில் ஒரு பெரும்பகுதி, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாளில் ரேடார் வைத்து அளந்தது. அருமையான வேலை. ஆனால் அடர்ந்த காட்டில் ரேடார் தரையைத் தொடுவதில்லை; மரத்தலைகளுக்குள்ளேயே எங்கோ திரும்பிவிடும். காட்டின் விளிம்பில் திடீர்ப் படி தெரிந்தால், அது பாறையா மரமா என்று சந்தேகப்படுங்கள். குறுகிய பள்ளத்தாக்குகளில் ரேடார் நிழல் விழுந்து தரவே இல்லாத ஓட்டைகளும் இருந்தன. பின்னால் வேறு தரவு வைத்து அடைத்தார்கள். ஒட்டுப்போட்ட இடத்தை நம்பி வழி வகுக்காதீர்கள்.

ஓடை பெரிய பள்ளத்தாக்குக்குள் நுழையும் வாயில் கோடுகள் விசிறி போல வளைந்திருந்தால் அது வண்டல் விசிறி. சமதளம், நல்ல மண், பக்கத்திலேயே நீர். ஊர்கள் அங்கே அமர்வது இயல்பு. அந்தச் சமதளத்தை உண்டாக்கியது வெள்ளத்தில் வந்த கல்லும் சேறும் என்பதையும் நினைவில் வைத்து, மழைக்காலத்தில் அங்கே தங்குவதா என்று முடிவு செய்யுங்கள்.

இவ்வளவும் முடிந்த பிறகு சிகரத்தைப் பாருங்கள். நான் இப்போதெல்லாம் அதற்குள் களைத்துப்போய்விடுகிறேன். போய் இறங்கிய முதல் நாள், நடையைத் தொடங்கும் முன், டிரேசிங் தாளில் இருக்கும் ஓர் ஓடையைத் தேடிப் போய், குறிப்பாக அச்சில் இல்லாமல் நீங்களாகப் போட்ட ஒன்றை, அதன் கரையில் நில்லுங்கள். படத்தில் போட்ட திசையில் ஓடுகிறதா? வறண்டிருந்தால் கூழாங்கற்கள் எந்தப் பக்கம் சாய்ந்து அடுக்கியிருக்கின்றன என்று பாருங்கள். தட்டையான கற்கள் நீர் வரும் திசையை நோக்கிச் சாய்ந்து கிடக்கும். ஒத்துப்போகவில்லை என்றால் அன்று நடக்க வேண்டாம், அழிரப்பரை எடுங்கள்.