இம்பீரியல் ஸ்டவுட் காய்ச்சும் நாள்: மேஷ் வடியாவிட்டால், கிரேவிட்டி எட்டாவிட்டால்

இங்கே உள்ள கணக்கெல்லாம் 20 லிட்டர் இம்பீரியல் ஸ்டவுட்டுக்கு (ஆல்கஹால் மிகுந்த கறுத்த பீர்), தொடக்க கிரேவிட்டி (நொதிக்கும் முன் கரைசலின் அடர்த்தி, தண்ணீருக்கு 1.000) இலக்கு 1.095. ஒன்றிரண்டு சாதாரண ஏல் காய்ச்சியவருக்குக் கிருமிநீக்கமும் ஹாப்ஸ் போடும் முறையும் தெரிந்திருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மேஷ்

மேஷ் என்பது அரைத்த மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியம்) வெந்நீரில் ஊறவைப்பது. மால்ட் 10 கிலோ, தண்ணீர் 25 லிட்டர். இரண்டும் சேர்ந்து 32 லிட்டர் இடம் பிடிக்கும் என்பதால் 40 லிட்டர் பாத்திரம் எடுங்கள். மால்ட் அறைச்சூட்டில் இருந்தால் 73 டிகிரித் தண்ணீர் ஊற்ற, மேஷ் 66-இல் வந்து நிற்கும். கருக வறுத்த மால்ட்டை மட்டும் கடைசி 15 நிமிடத்தில் சேருங்கள். முதலிலேயே போட்டால் மேஷின் பிஎச் 5.2-க்கும் கீழே இறங்கிவிடலாம், கசப்பும் முரடாக இருக்கும்.

குழாயில் சொட்டு நின்றுவிட்டால்

மேஷ் முடிந்து, பாத்திரத்தின் அடிக்குழாய் வழியே வொர்ட்டை (மால்ட்டின் சர்க்கரைக் கரைசல்) வடிக்கும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள். மாவு நைசாக அரைபட்டாலோ, உமி இல்லாத ஓட்ஸ் அதிகம் சேர்ந்தாலோ அடியில் தங்கும் மால்ட் படுகை பசையாகிவிடும். அந்த நேரத்தில் குழாயை அகலத் திறந்தால் உறிஞ்சும் விசையில் படுகை இன்னும் இறுகிச் சல்லடைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

முதலில் குழாயை மூடுங்கள். 85 டிகிரித் தண்ணீர் 4 லிட்டர் ஊற்றி, அடிவரை கரண்டி விட்டுப் படுகையைத் தூக்கிக் கிளறுங்கள். சூடு ஏறினால் பசை இளகும், ஆனால் படுகை 77 டிகிரியைத் தாண்டினால் உமியிலிருந்து துவர்ப்பு இறங்கும். கழுவிய நெல் உமி 300 கிராம் கலந்து 10 நிமிடம் அசைக்காமல் விடுங்கள். பிறகு குழாயைக் கால் திருகு மட்டும் திறந்து, கலங்கி வரும் முதல் 4 லிட்டரை மெதுவாக மேலேயே ஊற்றுங்கள். அதன்பின் நிமிடத்துக்கு அரை லிட்டர் போதும். அடர்த்தியான ஸ்டவுட்டுக்கு உமியைத் தொடக்கத்திலேயே போடுவதுதான் புத்திசாலித்தனம், சுவையில் எந்த மாற்றமும் தராது. வலைக்குழாய் வடிகட்டியைவிடத் துளையிட்ட ஸ்டீல் தட்டையே நான் பரிந்துரைப்பேன்.

கொதிக்கும் முன் அளவு

கிளறும்போது ஊற்றிய 4 லிட்டர் போக, மேலும் 7 அல்லது 8 லிட்டர் வெந்நீரால் படுகையை அலசினால் மொத்தம் 27 லிட்டர் வொர்ட் சேரும். கிரேவிட்டி 1.062 என்றால் (1-க்குப் பின்வரும் 62-ஐப் புள்ளி என்போம்) 27 × 62 = 1674 புள்ளி. கொதித்து 20 லிட்டராகக் குறையும்போது 84 புள்ளி, அதாவது 1.084. இலக்கான 95-க்குப் பற்றாக்குறை 11 × 20 = 220 புள்ளி. உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (வொர்ட்டை உலர்த்திய பொடி) கிலோவுக்குச் சுமார் 370 புள்ளி தரும், ஆகவே 600 கிராம் போதும். கொதிக்கும் வொர்ட்டில் நேரடியாகத் தூவாதீர்கள். ஆவி பட்டதும் கட்டிதட்டும், நுரை பொங்கி வழியும். ஆறிய வொர்ட்டில் கரைத்து, அடுப்பை அணைத்துவிட்டு ஊற்றுங்கள்.

எக்ஸ்ட்ராக்ட் இல்லையா? 17.6 லிட்டர் வரும்வரை கொதிக்க விடலாம். அப்படியானால் ஹாப்ஸை எப்போதும்போல் கடைசி ஒரு மணி நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

பின்சேர்க்கை: எக்ஸ்ட்ராக்டைக் கொட்டுமுன் மாதிரியை 20 டிகிரிக்கு ஆறவைத்து அளந்தீர்களா என்று பாருங்கள். 60 டிகிரியில் ஹைட்ரோமீட்டர் (கிரேவிட்டி அளக்கும் மிதவைக் கருவி) சுமார் 15 புள்ளி குறைத்துக் காட்டும். பற்றாக்குறை என்று தோன்றுவது பல நேரம் இதுதான்.

ஈஸ்ட்

இவ்வளவு சர்க்கரைக்கு 11.5 கிராம் உலர் ஈஸ்ட் ஒரு பொட்டலம் காணாது, இரண்டு போடுங்கள். வொர்ட்டை 18 டிகிரிக்கு ஆற்றி, நன்றாகக் குலுக்கிக் காற்றேற்றுங்கள். நுரை மூர்க்கமாக எழும் என்பதால் மேலே 5 லிட்டர் இடம் விட்டு, சின்ன ஏர்லாக்குக்குப் (வாயுவை வெளியே மட்டும் விடும் அடைப்பு) பதில் 25 மில்லிமீட்டர் குழாயைத் தண்ணீரில் முக்கி வையுங்கள். ஏர்லாக் அடைத்தால் மூடியே பறக்கும்.

கிரேவிட்டி 1.040-இல் நொதித்தல் நின்றால் 21 டிகிரிக்குச் சூடேற்றி, அடியில் படிந்த ஈஸ்ட்டை மெல்லச் சுழற்றி எழுப்புங்கள். அசையவில்லையென்றால், தனியே வளர்த்து நுரைத்து நிற்கும் புது ஈஸ்ட் ஊற்றுங்கள். உலர்ந்த ஈஸ்ட்டைத் தூவினால் ஆல்கஹாலில் பிழைப்பது கடினம். அளவு 1.025 பக்கம் வந்து, மூன்று நாள் மாறாமல் நின்ற பிறகே பாட்டிலில் அடையுங்கள். முந்தினால் பாட்டில் வெடிக்கும்.