அஷ்டமியில் புறப்படுங்கள்: கொங்கண் கரையில் காயாக் பயணத் திட்டம்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர்தான் என் கடல் பயணங்களுக்கு முதல் கருவி. ஏன் என்று மூன்றாவது படியில் சொல்கிறேன். காயாக் என்ற ஒடுங்கிய சிறு படகில் துடுப்புப் போடவும், கவிழ்ந்தால் தண்ணீரிலிருந்து மறுபடி ஏறவும் பழகிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. பருவம்: நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. மழைக்காலத்தில் இந்தக் கடல் பக்கமே போக வேண்டாம்.

2. பாதை: தாபோலிக்கு மேற்கே, கேள்ஷியிலிருந்து ஆஞ்சர்லே வழியாக ஹர்ணை. முதல் பயணத்துக்கு நாளொன்றுக்கு 10 கிலோமீட்டர் போதும். மணிக்கு 4 கிலோமீட்டர் என்று கணக்குப் போடுங்கள். செயற்கைக்கோள் வரைபடத்தில் பாறைக்கு நடுவே ஒதுங்கக்கூடிய மணற்கரைகளை எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.

3. ஓதம், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது: நான் அடிபட்டது இங்கேதான். ஓர் அமாவாசை நாள், பிற்பகல் இரண்டரை மணி. ஆஞ்சர்லே கழிமுகத்துக்குள் நுழையப் பார்த்தேன். ஆற்று நீர் வெளியே பாய்கிறது, காற்றும் அலையும் எதிரே உள்ளே தள்ளுகின்றன. இரண்டும் மோதும் மணல்திட்டின் மேல் அலை செங்குத்தாக எழுந்து கவிழ்த்துவிட்டது. கரையேற முக்கால் மணி நேரம் ஆனது.

அன்று மாலை ஒரு கோலி மீனவப் பெரியவர் சொல்லிக்கொடுத்த கணக்கு இது: காலண்டரில் பார்த்த திதியின் எண்ணை முக்காலால் பெருக்கினால் 'பர்த்தி', அதாவது ஓதம் முழுதாக ஏறி நிற்கும் நேரம். அமாவாசைக்கு 15 என்று போட்டால் 11.25, அதாவது பதினொன்றே கால். அதிலிருந்து சுமார் ஆறு மணி நேரம் நீர் வற்றும். அந்த ஆறு மணி நேரத்தில், முதல் மணியில் மொத்த இறக்கத்தின் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. நான் போனது மிக வேகமாக வற்றும் நேரம். போதாததற்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வருவது 'உதாண்', பெரிய ஓதம். மும்பையில் 4 மீட்டருக்கு மேலும் ஏறி இறங்கும்.

இப்போது அஷ்டமியைப் பாருங்கள். எட்டு முக்கால் ஆறு. விடியற்காலை ஆறு மணிக்கு நீர் நிறைந்திருக்கும், ஏற்ற இறக்கமும் குறைவு. அஷ்டமி, நவமியில் பயணம் தொடங்கக் கூடாது என்பாள் பாட்டி. காயாக்குக்கு இதைவிட நல்ல நாள் எனக்குத் தெரியாது. அஷ்டமியன்று வெளிச்சம் வந்ததும் கேள்ஷியில் இறங்கி, கழிமுகத்துக்கு வடக்கேயே ஆஞ்சர்லே மணலில் நிறுத்திவிடுங்கள். மறுநாள் நவமி, பர்த்தி 6.45, ஓட்டம் அடங்கியிருக்கும் அந்த நேரத்தை ஒட்டியே கழிமுகத்தைத் தாண்டி ஹர்ணை போய்விடலாம். சுவர்ணதுர்க் கோட்டை எதிரே நிற்கும்.

பெருக்கல் கணக்கு நாளைத் தேர்ந்தெடுக்க மட்டும். நேரத்தை இந்திய நில அளவைத் துறையின் ஓத அட்டவணையோடு கட்டாயம் ஒப்பிடுங்கள்.

4. காற்று: நண்பகலுக்கு மேல் வடமேற்கிலிருந்து கடற்காற்று வலுக்கும். 11 மணிக்குள் கரையில் இருங்கள். ஹைதராபாத் இன்காய்ஸ் (INCOIS) கடல் தகவல் மையத்தின் அலை முன்னறிவிப்பில் ஒரு மீட்டருக்கு மேல் காட்டினால் நான் போகமாட்டேன்.

5. சாமான்: மேலே உட்காரும் வகையைவிட, உள்ளே உட்கார்ந்து, தண்ணீர் புகாமல் இடுப்பைச் சுற்றி மூடும் ஸ்பிரே ஸ்கர்ட் மாட்டும் நீளக் காயாக்தான் என் தேர்வு. உபரித் துடுப்பு, விசில், ஆளுக்கு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர். அட்டவணையைக் காகிதத்தில் அச்சிட்டு லேமினேட் செய்துகொள்ளுங்கள். ஈரக் கையில் போன் திரை வேலை செய்யாது. வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும், சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை வாங்கிவிடாதீர்கள், இந்தியாவில் அனுமதியில்லாமல் வைத்திருப்பது குற்றம். அதற்குப் பதிலாகக் கடலோரக் காவல் நிலையத்தில் பாதையையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். வீட்டில் ஒருவரிடம் அதன் நகலும் கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணும் இருக்கட்டும்.

பின்சேர்க்கை: தேய்பிறை அஷ்டமியை 23 என்று எண்ணிப் பெருக்கியதாக ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம். பௌர்ணமிக்கு மறுநாள் பிரதமை, மறுபடி 1. அப்புறம், ஆஞ்சர்லே கரையில் குளிர்காலத்தில் கடலாமைகள் முட்டையிடும். இரவில் டார்ச் அடிக்காமல், கூடாரத்தை ஊர்ப்பக்கம் தள்ளிப் போடுங்கள்.