கல்யாண டிவிடியைப் பெரிய டிவியில் ஓட்டப் பழைய லேப்டாப் போதும்

அக்காவின் கல்யாணம் 2008-இல் பொள்ளாச்சியில் நடந்தது. வீடியோக்காரர் மூன்று டிவிடி கொடுத்தார். போன வருடம் வீட்டு டிவிடி பிளேயர் படுத்துவிட்டது; டிஸ்க்கை உள்ளே இழுக்கும், சுற்றும், அப்படியே வெளியே தள்ளிவிடும். அப்பா இப்போது இல்லை. அவர் பேசியது பதிவாகி இருப்பது அந்த டிஸ்க்கில் மட்டும்தான். பந்தியில் நின்றுகொண்டு, "ஏனுங் தம்பி, இந்த எலைக்கு ரசம் வரலீங்களே" என்று யாரையோ கூப்பிடுவார். அம்மாவுக்கு அதைத் திரும்பக் கேட்க வேண்டும்.

பரண் மேல் 2011-இல் அப்பா வாங்கிக் கொடுத்த லேப்டாப் இருந்தது. பேட்டரி செத்துவிட்டது, ஆனால் சார்ஜரில் ஓடும். அதில் டிவிடி டிரைவ் இருக்கிறது. இப்போது வரும் லேப்டாப்பில் பெரும்பாலும் அது கிடையாது. இந்த வேலைக்குப் பழையதுதான் தோது.

முதலில் லேப்டாப்பின் பக்கவாட்டைப் பாருங்கள். தட்டையாக, கீழ்ப்பக்கம் இரண்டு ஓரமும் சரிந்த துளை இருந்தால் அது ஹெச்டிஎம்ஐ. ஒரே கேபிளில் படமும் சத்தமும் போய்விடும். அது இல்லாமல், மூன்று வரிசையில் 15 ஓட்டை உள்ள நீல நிறத் துளை மட்டும் இருந்தால் அது விஜிஏ. இதில் படம் மட்டும்தான் போகும், சத்தம் போகாது. டிவியிலும் விஜிஏ துளை இருந்தால் நேராக இணைத்துவிட்டு, ஹெட்போன் துளையிலிருந்து டிவியின் ஆடியோ இன்னுக்குத் தனியாக ஒரு ஒயர் போட வேண்டும்.

டிவியில் விஜிஏ இல்லையென்றால் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். இங்கேதான் பணம் வீணாகும். கடையில் "விஜிஏ ஹெச்டிஎம்ஐ கன்வெர்ட்டர்" என்று மட்டும் கேட்டால் எதிர்த்திசையில் வேலை செய்வதைக் கொடுத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு அப்படித்தான் ஆனது. ஒரு திசைக்குச் செய்தது மறு திசைக்கு ஓடாது. லேப்டாப் பக்கம் விஜிஏ, டிவி பக்கம் ஹெச்டிஎம்ஐ என்று விளக்கிச் சொல்லுங்கள். சரியான பொருளில் கரண்டுக்கு ஒரு யுஎஸ்பி ஒயரும், சத்தத்துக்கு ஹெட்போன் துளையில் சொருகும் ஒயரும் பெரும்பாலும் சேர்ந்தே இருக்கும்.

கேபிளைச் சொருகும் முன் டிவி, லேப்டாப் இரண்டின் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். கேபிள் டிவி ஒயர் டிவியில் சொருகி இருந்தால் அதையும் கழற்றி வையுங்கள். சார்ஜருக்கு எர்த் சரியாகக் கிடைக்காத வீட்டில் இரும்புப் பாகத்தைத் தொட்டால் விரலில் சுர்ரென்று இழுக்கும். அந்தக் கசிவு போர்ட்டையும் கெடுத்துவிடலாம். மூன்று பின் உள்ள பிளக்கை இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் திணிக்காதீர்கள்.

சரி, இணைத்தாயிற்று. டிவி ரிமோட்டில் சோர்ஸ் பட்டனை அழுத்தி, எந்தத் துளையில் சொருகினீர்களோ அந்த எண்ணைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பில் விண்டோஸ் பட்டனோடு 'பி'யை (P) அழுத்தினால் நான்கு வழி காட்டும். டூப்ளிகேட் வேண்டாம். அதில் இரண்டு திரைக்கும் பொதுவான அளவு போய், பெரிய திரையில் படம் மங்கலாகத் தெரியலாம். கடைசியாக இருக்கும் 'செகண்ட் ஸ்க்ரீன் ஒன்லி'யைப் போடுங்கள் (விண்டோஸ் 7-இல் அதற்கு 'புரொஜெக்டர் ஒன்லி' என்று பெயர்). பிறகு டிஸ்ப்ளே செட்டிங்கில் 1920 x 1080 இருக்கிறதா என்று பாருங்கள். என் டிவிக்கு அதுதான் அளவு.

படம் வந்ததும் அம்மா, "சத்தம் அந்தப் பொட்டியில இருந்து வருது கண்ணு, டிவில வரலை" என்றார். ஹெச்டிஎம்ஐ போட்டாலும் சில லேப்டாப்பில் சத்தம் தானாக மாறாது. கீழே வலது மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு, பட்டியலில் டிவியின் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விண்டோஸ் 7-இல் அதே படத்தின் மேல் ரைட் கிளிக் செய்து, பிளேபேக் டிவைசஸ் போய், டிவியை டிஃபால்ட் ஆக்க வேண்டும். படம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் பிளேயரை ஒருமுறை மூடித் திறங்கள்.

பிளேயர் என்றால் விஎல்சி. இலவசம். விண்டோஸ் 10-இல் கூடவே வரும் மீடியா பிளேயர் டிவிடியை ஓட்டாது. விஎல்சியில் மீடியா மெனுவில் 'ஓப்பன் டிஸ்க்' கொடுத்தால் போதும்.

இப்போது படத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். எங்கள் டிஸ்க்கில் மாப்பிள்ளை தாலியை எடுத்து நீட்டும்போது கை சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகப் பிரிந்தது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். பழைய கேமராக்கள் ஒற்றைப்படை எண் வரிகளை ஒரு தடவையும் இரட்டைப்படை எண் வரிகளை ஒரு தடவையும் எடுத்துப் பின்னிய படம் அது. அசைவு இருக்கும் இடத்தில் இரண்டும் பொருந்தாமல் போகும். படம் ஓடும்போது கீபோர்டில் 'டி'யை (D) ஒரு முறை அழுத்துங்கள். கை முழுசாகிவிடும்.

எல்லோரும் குண்டாகத் தெரிந்தால் 'ஏ'யைத் (A) திரும்பத் திரும்ப அழுத்தி 4:3-க்குக் கொண்டு வாருங்கள். இரண்டு ஓரத்திலும் கறுப்புப் பட்டை வரும். வரட்டும், முகம் முகமாக இருப்பதுதான் முக்கியம். ஓரத்தில் ஓடும் எழுத்து வெட்டுப்பட்டால் கோளாறு டிவியில்தான்; படத்தின் அளவை மாற்றும் இடத்தில் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்க்ரீன் ஃபிட்' என்று இருக்கும்.

லேப்டாப்பை மெத்தை மேலோ தலையணை மேலோ வைக்காதீர்கள், மரப்பலகை மேல் வையுங்கள். விசிறியில் இத்தனை வருடத் தூசு சேர்ந்திருப்பதால் லேப்டாப் சீக்கிரம் சூடாகும். மூடி வைக்கத்தான் வேண்டுமென்றால் பவர் ஆப்ஷனில் 'டூ நத்திங்' என்று மாற்றிக்கொள்ளலாம், ஆனால் திறந்தே இருப்பது நல்லது.

டிவிடிக்குப் பழைய லேப்டாப்பே தாராளம், அதில் இருப்பது 720 x 576 அளவுப் படம்தான். புதுப் படங்களுக்கு மட்டும் கவனம் வேண்டும். ஹெச் 265 (வீடியோவைச் சுருக்கும் புது முறை) என்று போட்டிருக்கும் ஃபைல் இதில் திக்கித் திக்கி ஓடும். அதற்கு முந்தைய முறையான ஹெச் 264, 720பி (1280 x 720) உள்ளதாகப் பார்த்து எடுங்கள்.

அப்புறம், பார்த்து முடித்த அன்றே டிஸ்க்கைக் காப்பி எடுத்துவிடுங்கள். அழுக்காக இருந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். டிஸ்க்கைத் திறந்தால் 'வீடியோ டிஎஸ்' (VIDEO_TS) என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். கல்யாண டிஸ்க்கில் பொதுவாகப் பூட்டு எதுவும் இருக்காது, அப்படியே ஹார்ட் டிஸ்க்குக்கு இழுத்துவிடலாம். உள்ளே இருக்கும் 'வாப்' (VOB) ஃபைல்களை விஎல்சி நேராக ஓட்டும். மற்ற இடங்களில் ஓட வேண்டுமானால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் எம்பி4 ஆக்கிக்கொள்ளுங்கள். பழைய லேப்டாப்பில் நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம்.

எங்கள் மூன்று டிஸ்க்கும் 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் அடங்கிவிட்டன. அப்படி இரண்டு பென்டிரைவ்: ஒன்று அக்காவிடம், ஒன்று என்னிடம். பந்தி வருவது இரண்டாவது டிஸ்க்கில், மூன்றாவது ஃபைலில். அந்த ஒரு ஃபைலை மட்டும் அம்மாவின் போனிலும் போட்டு வைத்திருக்கிறேன்.